பல் முளைத்த கைக்கு ஒரு வளையல்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: முட்டாள்தனத்தில் எனக்கு நல்ல முன் அனுபவம் உண்டு. கால் தடுக்கி விழுகிற மாதிரி தற்செயலாகச் செய்ததில்லை. பேப்பர், பென்சில், கைக்கடிகாரம் எல்லாம் வைத்துக்கொண்டு, திட்டம் போட்டுச் செய்தது. அதைத்தான் சொல்லப் போகிறேன். ஆனால் போன புதன்கிழமை செய்த புத்தம்புது முட்டாள்தனம் ஒன்று சூடாக இருக்கிறது. ஆறுவதற்குள் அதை முதலில் பரிமாறிவிடுகிறேன்.

இப்போது பெங்களூரில் மகள் வீட்டில் இருக்கிறேன். அவளுக்கு வீட்டிலிருந்தே வேலை. கூடத்து மேஜையில் லேப்டாப், அதற்குள் சின்னச் சின்னக் கட்டங்களில் இருபது முப்பது முகங்கள். யாரோ ஒரு அம்மாள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார். ஊர், மொழி, சாப்பாடு, சாமி எல்லாம் வேறு வேறாக உள்ளவர்கள் ஒரே குழுவில் இருந்தால் புதிய யோசனைகள் பிறக்கும், ஒரே மாதிரி ஆட்களாகக் கூடினால் தலையாட்டல்தான் மிஞ்சும் என்று படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தார். நான் சமையலறையில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தாங்கவில்லை. மடித்துக் கட்டிய லுங்கியோடு, எண்ணெய் சொட்டும் கரண்டியோடு, லேப்டாப் முன்னால் போய் நின்றேன்.

“அட, இத நாங்க ஊரிகத்துல ஒரு தகரக் கொட்டாய்லயே கண்டுபுடிச்சிட்டோமே!”

மைக் திறந்திருந்தது. கேமராவும் திறந்திருந்தது.

முப்பது முகங்களும் என் முழங்காலைப் பார்த்தன. மகள் பல்லைக் கடித்துக்கொண்டு, “அப்பா, லுங்கி” என்றாள். அந்த அம்மாள் மட்டும் சிரித்துவிட்டு, என்ன கண்டுபிடித்தீர்கள், அடுத்த வாரம் எங்களுக்குப் பத்து நிமிடம் சொல்லுங்களேன் என்று கேட்டார். நான் “ஷ்யூர் மேடம்” என்று கம்பீரமாகச் சொல்லி முடிப்பதற்குள் அடுப்பில் அப்பளம் கரியாகிவிட்டது.

கருகிய எண்ணெய் வாசனை இருக்கிறதே, அது என்னை எங்கே கொண்டுபோய் விட்டது தெரியுமா? கிருஷ்ணப்பாவின் இரும்புச் சட்டிக்கு.

கோலார் தங்கவயலில், ஊரிகம் ஸ்டேஷனுக்குக் கூப்பிடு தூரத்தில், பெரிய ஃபாக்டரிகளுக்கு உதிரி பாகம் செய்துகொடுக்கிற ஒரு சின்னக் கம்பெனி இருந்தது. கம்பெனி என்பது மரியாதைக்கு. தகரக் கூரை, நான்கு மேஜை, ஒரு சோதனை மெஷின், பன்னிரண்டு பேர். படிப்பு முடித்த கையோடு நான் அங்கே சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருப்பேன். ஒன்று எழுதும், ஒன்று எழுதாது, ஒன்று அழகுக்கு.

அந்தப் பன்னிரண்டு பேரில் மூன்று பேரை மட்டும் உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன். எல்லாரையும் கொண்டுவந்தால் எனக்கே குழம்பிவிடும்.

ஆரோக்கியம் அண்ணன் நந்திதுர்க்கில், சுரங்கத் தொழிலாளர்களுக்கான லைன் வீட்டில் இருந்தவர். சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கி ஏற்றுகிற இரும்புக் கூண்டுக்கு கேஜ் என்று பெயர். அவருடைய அப்பாவுக்கு அந்தக் கேஜில்தான் வேலை. கிருஷ்ணப்பா பேத்தமங்களாவிலிருந்து சைக்கிளில் வருவார், ஏரிப் பக்கம் கொஞ்சம் நிலம் உண்டு. வீட்டில் தெலுங்கு, ஊரில் கன்னடம், எங்களோடு தமிழ், மாடுகளோடு இந்த மூன்றிலும் சேராத நாலாவது மொழி ஒன்று. டோரின் ஆங்கிலோ இந்தியப் பெண்மணி. சோதனை மெஷினும் அதன் ரிஜிஸ்டரும் அவருடைய ராஜ்யம். சாதாரணமாக ஆங்கிலம் பேசுவார். திட்டும்போது மட்டும் சுத்தமான ஊரிகம் தமிழ் வரும்.

அந்தக் கொட்டகையில் ஒரு விசித்திரமான வழக்கம் இருந்தது. யார் ஆரம்பித்தார்களோ, நான் போவதற்கு முன்பே இருந்தது. காலையில் வேலை தொடங்கும் முன், முந்தின நாள் எந்த வேலை கெட்டதோ, கெடுத்தவர் அதை இன்னொருவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். கேட்கிறவருடைய வீட்டு மொழியில்தான் சொல்ல வேண்டும். அதுமட்டுமில்லை, பட்டறை இங்கிலீஷ் ஒரு சொல்கூட வரக் கூடாது. லீக், சீல், பிரஷர் எல்லாவற்றுக்கும் தடை. வாய் தவறிச் சொன்னவர் அன்றைக்குக் கொட்டகையைப் பெருக்க வேண்டும்.

கேட்கிறவர் டோரின் என்றால் ஆங்கிலத்தில் சொல்லலாம், ஆனால் அங்கேயும் பட்டறைச் சொற்கள் கூடாது. ஒருமுறை ஆரோக்கியம் அண்ணன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, துக்கம் சொல்ல வந்தவர் மாதிரி முகத்தை வைத்து, “மேடம், பைப் ஈஸ் க்ரையிங்” என்றார். கொட்டகையே உருண்டது.

இந்தச் சிரிப்புதான் எனக்குப் பிடிக்கவில்லை. புது சூப்பர்வைசர் இல்லையா! கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு மூன்று நாள் கணக்கெடுத்தேன். கும்மாளத்தில் எவ்வளவு நேரம் வீணாகிறது என்று பெரிய வட்டம் போட்டு, கோடு கிழித்து, முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவரும் வட்டத்தைப் பார்த்து மயங்கிவிட்டார். அடுத்த திங்கட்கிழமை மேஜைகளை மாற்றிப் போட்டேன். தமிழ்க்காரர்கள் ஸ்டேஷன் பக்கம். கன்னடம், தெலுங்கு பேசுகிறவர்கள் சுவர்ப் பக்கம். டோரினுக்குப் பிளைவுட் தடுப்பு வைத்துத் தனி அறை. அவரவர் பாஷையில் அவரவர் பேசிக்கொண்டால் வேலை வேகமாக நடக்கும் அல்லவா? காலை வழக்கத்துக்கும் முழுக்கு.

ஆரோக்கியம் அண்ணன் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

“இன்னா சார், எல்லாம் கரெக்டா பிரிச்சிட்டீங்க. நடுவுல ஒரு செக்போஸ்ட் போட்டுட்டா வண்டிய நிறுத்தி செக் பண்ணலாம்.”

நான் சிரிக்கவில்லை. மூன்றாவது பேனாவைச் சரிசெய்துகொண்டேன்.

என்ன சொல்ல, இரண்டு வாரம் அருமையாக நடந்தது! சத்தமில்லை, சிரிப்பில்லை, உருப்படிகள் கூடின. நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன். அந்த நடை வந்துவிட்டால் ஒரு மனிதனுக்குக் கெட்ட காலம் கிட்டத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

புது மாடல் வந்தது. மண் தள்ளுகிற டோசர் வண்டியின் முன்னால் இருக்கிற இரும்புப் பலகையைத் தூக்கி இறக்குகிற சிலிண்டர் அது. சைக்கிள் பம்பைப் பத்து மடங்கு பெரிதாக நினைத்துக்கொள்ளுங்கள். தடித்த குழாய், உள்ளே போய்வரும் ஒரு கம்பி, கம்பியின் தலையில் ஒரு வளையம். அந்த வளையம்தான் சீல், எண்ணெய் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகாமல் அடைத்து நிற்பது. பழைய மாடலில் குழாயின் வாய் வழவழவென்று இருக்கும். புதியதில் மூடியைத் திருகிப் பூட்ட வேண்டும் என்று வாயின் உள்பக்கம் பல் பல்லாக மரை வெட்டியிருந்தார்கள். வளையம் அந்த மரையைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். போகும்போது மயிரிழை அளவுக்கு ஒரு கீறல் விழும். கண்ணுக்குத் தெரியாது. டோரினின் மெஷினில் ஏற்றி அழுத்தம் கொடுத்தால் மறுபக்கத் துளையிலிருந்து எண்ணெய் சொட்டும். ஒரு சொட்டு வந்தாலும் உருப்படி திரும்பிவிடும்.

முதல் வாரம் எல்லாம் சொட்டியது. இரண்டாவது வாரமும் சொட்டியது. ஸ்டேஷன் பக்கத்துக்காரர்கள் கூடிப் பேசி, வளையம் கோணலாகப் போவதுதான் காரணம் என்று முடிவு செய்தார்கள். எல்லாரும் சுரங்கத்து வீட்டுப் பிள்ளைகள், கேஜ் கோணினால் என்ன ஆகும் என்று கேட்டு வளர்ந்தவர்கள், கோணல் என்றால் அவர்களுக்கு உயிர் பயம். நூல் பிடித்த மாதிரி நேராக இறக்கினார்கள். சொட்டியது. சுவர்ப் பக்கத்தில் கிருஷ்ணப்பா, வளையம் விறைப்பாக இருப்பதுதான் காரணம் என்றார். கிணற்றுப் பம்புக்குத் தோல் வாஷர் போடும்போது ஊறவைத்து இளக்கிவிட்டுத்தான் போடுவார்களாம். சின்ன இரும்புச் சட்டியில் எண்ணெயைச் சூடாக்கி வளையங்களை அதில் போட்டார். அந்த வாசனைதான் போன புதன்கிழமை பெங்களூரில் என்னைத் தேடி வந்தது. அதுவும் சொட்டியது. நான் என்ன செய்தேன்? சீல் அனுப்பிய கம்பெனிக்கு மூன்று கடுமையான கடிதம் எழுதினேன்.

ஒரு திங்கட்கிழமை முதலாளி என்னைக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

“சனிக்கிழமை ஃபாக்டரிலேர்ந்து இன்ஸ்பெக்டர் வர்றார். பத்து சிலிண்டர் கண் முன்னாடி டெஸ்ட் பண்ணுவார். ஒண்ணு சொட்டினாலும் ஆர்டர் பெங்களூர்க்காரனுக்குப் போயிடும். ஆர்டர் போச்சுன்னா நான் ஷெட்டைப் பூட்டணும்ப்பா. வேற வழியில்ல.”

பன்னிரண்டு குடும்பம். என்னுடைய அழகான வட்டம் அப்போதும் அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில்தான் இருந்தது.

புதன்கிழமை மத்தியானம் டோரின் தன் பிளைவுட் அறையிலிருந்து ரிஜிஸ்டரோடு வெளியே வந்தார். நேராக என் முன்னால் அதைத் திறந்து வைத்தார். தமிழில் ஆரம்பித்தார், ஆகவே திட்டு நிச்சயம்.

“உன் ரெண்டு ஸ்டேட்லயும் ஒரே மழைதான், பாத்தியா? ஆனா இங்க பாரு. அந்தாண்ட சட்டியில போட்டு எடுத்த ரிங்குல கீறல் சின்னது. இந்தாண்ட நேரா எறக்குறதால கீறல் ஒரே ஒரு எடத்துலதான் கீது. இவன் பண்றது அவனுக்குத் தெரியல, அவன் பண்றது இவனுக்குத் தெரியல. நடுவுல பலகையப் போட்டு என்னையும் ஒளிச்சி வச்சிட்ட. நீ படிச்சவனா இல்ல பலகை விக்கிறவனா?”

கொட்டகை முழுவதும் கை நிறுத்திப் பார்த்தது. டோரின் விரலை நீட்டினார்.

“நீதான் கெடுத்த. நீயே சொல்லு. கிருஷ்ணப்பாவுக்கு. அவன் வூட்டு பாஷையில.”

இங்கே ஒரு ரகசியத்தைச் சொல்ல வேண்டும். எனக்குத் தெலுங்கு தெரியும், ஆனால் அந்தத் தெலுங்கு எங்கே கற்றது என்று யாருக்கும் சொன்னதில்லை. ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில் எங்கள் வீட்டுக்கு வளையல் கடை. ‘பிசினஸ் ஃபேமிலி’ என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். பள்ளி விட்டதும் கடையில் உட்கார்ந்து, சுற்றுப்பட்டுக் கிராமத்திலிருந்து வரும் தெலுங்குப் பெண்களுக்கு வளையல் போட்டுவிட்ட தெலுங்குதான் என்னுடைய மொத்தத் தெலுங்கு. சீலுக்கும் மரைக்கும் அதில் சொல் கிடையாது. அளவு, நிறம், கை, வலி, இவ்வளவுதான்.

வியர்த்துக்கொட்டியது. இருந்த சொற்களை வைத்து ஆரம்பித்தேன்.

“கிருஷ்ணப்பா, காஜு சேத்திலோக்கி போவாலி. கானி... ஈ சேத்திக்கி பள்ளு உன்னாயி.”

அதாவது, வளையல் கைக்குள் ஏற வேண்டும், ஆனால் இந்தக் கைக்குப் பல் இருக்கிறது.

கிருஷ்ணப்பா முழங்காலில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

“ஏன் ஸ்வாமி, கைக்குப் பல்லா! நிம்ம அங்கடிக்கு வர்ற எந்தப் பொண்ணுக்கு அந்த மாதிரி கை?”

“எங்க... எங்க கடையா?”

“வளையல் கடைக்காரர் புள்ளன்னு ஊருக்கே தெரியும் சார்,” என்றார் ஆரோக்கியம் அண்ணன். “நீங்கதான் எங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சிகினு கீறீங்க.”

கிருஷ்ணப்பா சிரிப்பைத் துடைத்துக்கொண்டே கேட்டார். “சரி, அது போகட்டும். கை பெரிசு, வளையல் சின்னது, அப்போ என்ன மாடுவீங்க, எப்படிப் போடுவீங்க?”

அவமானத்தில் யோசிக்காமல் வாயிலிருந்து வந்துவிட்டது. “கையில மொதல்ல ஒரு பிளாஸ்டிக் கவரைச் சுத்திடுவோம். வளையல் அதுமேல வழுக்கிகிட்டுப் போயிடும். அப்புறம் கவரை உருவிடுவோம்.”

சொல்லி முடித்தேன். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், யார் என்ன சொன்னார்கள் என்று இன்று வரை எனக்குச் சரியாக நினைவில்லை. குழாயின் வாயை நான் பார்த்தேன். எல்லாரும் பார்த்தார்கள். பல்லை மூடிவிட்டால்?

ஆஹா, அந்த மத்தியானத்தை எப்படிச் சொல்வேன்! மேஜைகள் தாமாக நகர்ந்த மாதிரி இருந்தது. சைக்கிளில் பறந்துபோய்க் கடையிலிருந்து பிளாஸ்டிக் கவர் கொண்டுவந்தேன். அப்பா, “எதுக்குடா?” என்று கேட்டதற்கு, “இரும்புக் கைக்கு” என்று கத்திவிட்டு ஓடினேன். முதல் முயற்சியிலேயே மரை அந்தக் கவரைக் குதறிவிட்டது. உள்ளே போய் ஒட்டிக்கொண்ட துண்டை எடுக்க அரை மணி நேரம் ஆயிற்று. கிருஷ்ணப்பா, “கைக்கு ரொம்ப பசி” என்றார்.

டோரின் கேக் செய்யும்போது தகரத்துக்குள் காகிதம் போடுவாராம், ஆனால் காகிதம் கேக்கோடேயே வந்துவிடும், அது இங்கே உதவாது, விறைப்பாக நின்று பிறகு கழன்று வருவதாக ஒன்று வேண்டும் என்றார். யாரோ பித்தளைத் தகடு என்றார்கள். காகிதம் மாதிரி மெல்லியது, உருட்டினால் குழாய் வாய்க்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் வளையம் தகட்டின் விளிம்பில் இடித்தது. கேஜ் சுரங்கத்தின் ஷாஃப்ட் குழிக்குள் நுழைகிற இடத்தில் வழிகாட்டிக் கட்டைகள் மேலே அகலமாக விரிந்து, போகப் போக ஒடுங்கும், இல்லாவிட்டால் கூண்டு இடித்துச் சிதறிவிடும் என்று ஆரோக்கியம் அண்ணன் தரையில் சாக்பீஸால் வரைந்தார். தகட்டின் வெளிப்பக்கத்தைப் புனல் மாதிரி விரித்தோம். வளையத்தைக் கிருஷ்ணப்பாவின் சட்டியில் இளக்கி எடுத்தோம். ஆரோக்கியம் அண்ணன் நூல் பிடித்து இறக்கினார். வளையம் சத்தமில்லாமல், எண்ணெய் பூசின விரலில் மோதிரம் போவதுபோல உள்ளே போயிற்று. தகட்டை உருவினோம். டோரின் மெஷினில் ஏற்றினார்.

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். துளைக்குக் கீழே இருந்த தட்டு காய்ந்து கிடந்தது.

யார் முதலில் கத்தினார்கள் என்று தெரியாது. பிளைவுட் தடுப்பு கீழே விழுந்த சத்தம் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. யாரோ தள்ளினார்களாம். தான் தள்ளவில்லை என்றுதான் டோரின் கடைசி வரை சொன்னார்.

சனிக்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். சிரிக்காத மனிதர். ஒன்று, இரண்டு, ஐந்து, ஒன்பது என்று வரிசையாக எல்லாம் தேறின. பத்தாவதை ஏற்றினார்கள். நான் தட்டுக்கு மேலே குனிந்து, மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். தட்டின் நடுவில் டப்பென்று ஒரு சொட்டு.

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். ஆரோக்கியம் அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டார். டோரின் மட்டும் நிதானமாக விரலால் அந்தச் சொட்டைத் தொட்டு, நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“சார், திஸ் ஈஸ் நாட் ஆயில். திஸ் ஈஸ் அவர் சூப்பர்வைசர்.”

என் நெற்றி வியர்வை. தட்டைத் துடைத்து, என்னை நான்கு அடி தள்ளி நிற்கவைத்து, மறுபடி சோதித்தார்கள். சொட்டவில்லை. அந்தச் சிரிக்காத மனிதர் சிரித்ததை அன்றைக்குப் பன்னிரண்டு பேர் பார்த்தோம்.

ஆர்டர் தப்பியது, ஷெட்டும் தப்பியது. திங்கட்கிழமை மேஜைகள் பழையபடி கலந்தன, காலை வழக்கமும் திரும்பியது. முதல் வாரத்தில் வாய் தவறித் தவறி ஆறு நாளும் கொட்டகையைப் பெருக்கியவன் நான்தான். தகட்டுக்கு ஒரு வரைபடம் போட்டபோது முதலாளி, கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் ஒரு பெயர் எழுதச் சொன்னார். ஒரே ஒரு பெயர்தான் எழுத இடம். கிருஷ்ணப்பா ஆரோக்கியத்தைக் காட்டினார், ஆரோக்கியம் டோரினைக் காட்டினார், டோரின் கிருஷ்ணப்பாவைக் காட்டினார். நான் யாரையும் காட்டவில்லை. எழுதுகிற பேனா எது என்று தேடிக்கொண்டிருந்தேன். கடைசியில் அந்தக் கட்டம் காலியாகவே போயிற்று. ஆனால் பிற்பாடு நான் போன ஒவ்வொரு கம்பெனியிலும், இண்டர்வியூவிலும், பெண் பார்க்கப் போன வீட்டிலும்கூட, அந்தக் காலிக் கட்டத்தில் என் பெயரைத்தான் எழுதிக்கொண்டேன். மகள்கூட அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

இன்றைக்கு அந்த மாதிரிப் புனல் உறைகள் நைலானில் வார்த்து, பாக்கெட்டில் போட்டு, எந்த அளவில் வேண்டுமானாலும் கிடைக்கின்றன. எங்கள் கொட்டகை இருந்த இடத்தில் சீமைக்கருவேலம் நிற்கிறது. சுரங்கத்தை மூடிவிட்டார்கள், கேஜ் ஓடுவதில்லை. டோரின் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார், முதலில் வந்துகொண்டிருந்த கிறிஸ்துமஸ் அட்டையும் பிறகு நின்றுவிட்டது. கிருஷ்ணப்பா இறந்து இரண்டு வருடமாகிறது. பேத்தமங்களாவில் அவர் நிலத்துக்கு இப்போது வேலிக்கல் நட்டிருக்கிறார்கள். ஊரே விடிகாலை ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்கு வந்துவிடுகிறது. வந்த இடத்தில் எல்லாரும் எல்லாரோடும் கம்பெனி இங்கிலீஷ்தான் பேசுகிறார்கள். எல்லாருக்கும் எல்லாம் புரிகிறது. ‘பைப் ஈஸ் க்ரையிங்’ என்று தொப்பியைக் கழற்றிக்கொண்டு யாரும் வந்து நிற்பதில்லை.

அடுத்த வாரம் முப்பது முகங்களுக்கு முன்னால் பத்து நிமிடம் பேச வேண்டும். உட்கார்ந்து எழுத ஆரம்பித்தபோதுதான் எனக்குச் சந்தேகமே வந்தது. பித்தளைத் தகடு என்று சொன்ன அந்த ‘யாரோ’ யார்? எத்தனையோ வருடமாக நான்தான் என்று சொல்லிச் சொல்லி, என் குரலிலேயே அது காதில் விழுகிறது. இந்த வயதில், மகள் முன்னால், அதையே மறுபடி சொல்ல வாய் வரவில்லை. கேட்பதற்கு நந்திதுர்க்கில் ஒரே ஒரு ஆள்தான் பாக்கி. நேற்று சாயங்காலம் ஆரோக்கியம் அண்ணனுக்குப் போன் போட்டேன். காது கொஞ்சம் மந்தம். முழுக் கதையையும், லுங்கி உட்பட, கத்திக் கத்திச் சொல்லி முடித்துவிட்டுக் கேட்டேன்.

“அண்ணே, சத்தியமா சொல்லுங்க. அந்த ஐடியா நெஜமா யாரோடது? என்னோடதா, உங்களோடதா, கிருஷ்ணப்பாவோடதா, டோரினோடதா?”

அந்தப் பக்கம் இருமல் சத்தம். அப்புறம் அவர் சொன்னார்:

“லீக்கு நின்னுச்சா இல்லியா?”